கப்பல் துறைச் சொற்களை அறிந்துகொள்வோம்

ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கென ஒரு மொழி உண்டு. மங்கு, கோட்டுப்பால், கட்டிப்பால், ஒட்டுப்பால் என்று நாம் பேசிக்கொள்வதைத் தோட்டத்துக்கு வெளியே பிறந்தவர் கேட்டால் ஒன்றும் விளங்காமல் திகைப்பார். அதுபோலவே துறைமுகத்தில் வழங்கும் சொற்கள் நமக்குப் புதியனவாகத் தோன்றுகின்றன.

நம் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூரில் வேலை செய்கின்றனர். தோ பாயோ போன்ற அடுக்குமாடிக் குடியிருப்பு நகரங்களில் அறை எடுத்துத் தங்கி, கப்பல் பட்டறைக்கும் சரக்குக் கிடங்குக்கும் துறைமுகத்துக்கும் சென்று வருவோர் அவர்களுள் உண்டு. விடுமுறைக்கு வீடு வரும்பொழுது அவர்களுடைய பேச்சில் 'பெர்த்', 'பங்கர்', 'டி.இ.யு.' என்னும் சொற்கள் இயல்பாகக் கலந்து வருகின்றன. பெற்றோர் தலையசைத்துக் கேட்பாரேயன்றி, பொருள் அறியார்.

இச்சொற்களை அறிவது வெறும் பொது அறிவுக்காக மட்டும் அன்று. கப்பல் தொழிலில் ஒவ்வொரு சொல்லும் ஓர் எல்லைக்கல்லாகும். பொறுப்பு எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறுகிறது, நட்டம் நேர்ந்தால் அதை யார் சுமப்பது என்பதை அச்சொல்லே முடிவு செய்கிறது. நாம் வெட்டும் பாலின் விலையும், கடலுக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் பாதுகாப்பும் இத்தகைய சில சொற்களுக்குள் அடங்கியுள்ளன.

பழகிய சொற்களே பல

தோ பாயோ என்னும் பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். 'தோ' என்பது ஹொக்கியன் சீன மொழியில் பெரியது எனப் பொருள்படும். 'பாயோ' என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் 'பாயா' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபாகும். இரண்டும் சேர்ந்து 'பெருஞ்சதுப்பு' ஆயிற்று. 1960ஆம் ஆண்டுகளில் அந்நிலத்தைத் திருத்தி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நகரம் எழுப்பியது. சதுப்பு மறைந்துவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

துறைமுக மொழியும் இவ்வாறே பல மொழிகள் கலந்து உருவானது. அக்கலப்பில் தமிழின் பங்கு சிறியதன்று. 'கப்பல்' என்னும் நம் சொல்லே மலாயில் 'காப்பால்' என வழங்குகிறது. சரக்கு வைக்கும் 'கிடங்கு' மலாயில் 'கூடாங்' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'கோடவுன்' ஆயிற்று. இன்று நாம் 'குடோன்' என்று சொல்வது, கடல் கடந்து உருமாறித் திரும்பி வந்த நம் வீட்டுப் பிள்ளை எனலாம். 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி, இன்று விரைவுப் பயணப் படகுகளையும் குறிக்கிறது.

நாம் பிறரிடமிருந்து பெற்றவையும் உண்டு. 'மாலுமி', 'சுக்கான்' ஆகியவை அரபு மொழியிலிருந்தும், 'நங்கூரம்' பாரசீக மொழியிலிருந்தும் வந்தவை. சிங்கப்பூரின் தொடக்க காலத்தில், ஆற்றுக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கு ஏற்றிச் சென்ற படகோட்டிகளுள் சூலியா எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள் சிறந்து விளங்கினர். அப்படகுகள் 'தொங்கான்' எனப்பட்டன. 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் சரக்குப் படகுகள் சிங்கப்பூர் ஆற்றை விட்டு பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. ஆற்றோரத்துப் பழங்கிடங்குகளுள் பல இன்று உணவகங்களாக விளங்குகின்றன.

கப்பல் கரைக்கு வரும் முறை

கப்பல் நேராக வந்து கரையைத் தொடுவதில்லை. முதலில் அது கடலில் குறிக்கப்பட்ட 'நங்கூரத் தளத்தில்' காத்து நிற்கும். சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரையில் நின்று பார்ப்போருக்குத் தொலைவில் வரிசையாகத் தெரியும் கப்பல்கள் இவ்வாறு நங்கூரமிட்டு நிற்பவையே.

முறை வந்ததும் 'பைலட்' எனப்படும் துறைமுக வழிகாட்டி சிறு படகில் சென்று கப்பலில் ஏறுவார். நீரோட்டம், ஆழம், மணல்திட்டு ஆகியவற்றை அவர் நன்கு அறிந்தவர். எனினும் வழிகாட்டி ஏறிவிட்டதனால் கப்பல் தலைவரின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. வழிகாட்டி வழி சொல்வார். கப்பலுக்குப் பொறுப்பாளர் தலைவரே. அடுத்து 'டக்' எனப்படும் இழுவைப் படகுகள் கப்பலைத் தள்ளியும் இழுத்தும் கரையோடு அணைக்கும். கப்பல் அணைந்து நிற்கும் இடமே 'பெர்த்' ஆகும்.

அணைந்த கப்பலுக்கு உணவும் எண்ணெயும் வேண்டும். எண்ணெய் நிரப்புவதைப் 'பங்கர்' என்பர். நீராவிக் கப்பல்களில் நிலக்கரி சேமித்த அறைக்கு வழங்கிய பெயர் இது. நிலக்கரி போய் எண்ணெய் வந்த பின்னும் பெயர் மாறவில்லை. உலகிலேயே மிகுதியாகக் கப்பல் எண்ணெய் விற்கும் துறைமுகம் சிங்கப்பூர். 2024ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 5 கோடியே 49 லட்சம் டன் விற்பனையாயிற்று.

கப்பலின் வேகத்தை 'நாட்' என்னும் அளவால் கூறுவர். நாட் என்றால் முடிச்சு. முற்காலத்தில் முடிச்சிட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறது என எண்ணி வேகம் கண்டனர். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். அது 1.852 கிலோமீட்டருக்குச் சமம்.

கப்பலின் முன்பகுதியை 'அணியம்' என்றும் பின்பகுதியை 'அமரம்' என்றும் தமிழகக் கடலோடிகள் வழங்குவர். முன்னோக்கி நிற்பவரின் இடப்புறம் 'போர்ட்', வலப்புறம் 'ஸ்டார்போர்ட்'. இரவில் இடப்புறத்தில் சிவப்பு விளக்கும் வலப்புறத்தில் பச்சை விளக்கும் எரியும். எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கமாகச் செல்கிறது என்பதை இவ்விளக்குகளைக் கொண்டே அறிவர்.

உயிர் காத்த கோடு

கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்துள்ளது என்பதை 'டிராஃப்ட்' என்பர். சரக்கு ஏற ஏறக் கப்பல் அமிழும். மலாக்கா நீரிணையைக் கடக்கும் ஆழம் மிகுந்த பெருங்கப்பல்கள், தமக்கும் கடலின் தரைக்கும் இடையே எப்பொழுதும் குறைந்தது 3.5 மீட்டர் நீர் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

அளவுக்கு மீறி ஏற்றினால் கப்பல் கவிழும் அல்லது மூழ்கும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகள் சிலர், பழுதடைந்த கப்பல்களில் மிதமிஞ்சிச் சரக்கேற்றி, பெருந்தொகைக்குக் காப்புறுதியும் செய்து கடலுக்கு அனுப்பினர். கப்பல் மூழ்கினால் முதலாளிக்குப் பணம் கிடைத்தது. மாலுமியின் குடும்பத்துக்குத் துயரமே மிஞ்சியது. அக்கப்பல்களை மக்கள் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே அழைத்தனர்.

இக்கொடுமையை எதிர்த்து நாடாளுமன்றத்தில் போராடியவர் சாமுவேல் பிளிம்சால் என்னும் உறுப்பினர். அவருடைய முயற்சியால் 1876ஆம் ஆண்டுச் சட்டம், கப்பலின் பக்கத்தில் சுமையின் எல்லைக் கோட்டைத் தீட்ட வேண்டும் என்று விதித்தது. ஆனால், கோட்டை எந்த உயரத்தில் தீட்டுவது என்பதை முதலாளியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. கோடு இருந்தது, காவல் இல்லை. 1890ஆம் ஆண்டில்தான் அதன் இடமும் சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது. உரிமை ஏட்டில் எழுதப்பட்டால் மட்டும் போதாது, அதன் அளவும் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும். 'பிளிம்சால் கோடு' என்று இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது.

இக்கோட்டின் அருகே ஏணிப்படி போலப் பல சிறு கோடுகள் இருக்கும். நன்னீருக்கு ஒன்று, வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. இதன் காரணத்தை நம் தோட்டத்து ஆலையிலேயே காணலாம். பாலின் கெட்டித்தன்மையை அறிய மெட்ரோலக் கருவியை அதில் மிதக்க விடுவர் அல்லவா? ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ்ந்து அமிழும். தண்ணீர் கலந்த பாலில் மேலெழும். நீர்மத்தின் அடர்த்தி கூடினால் மிதக்கும் பொருள் உயரும், குறைந்தால் தாழும் என்பதே அதன் தத்துவம். கப்பலும் ஒரு பெரிய மெட்ரோலக்கே. உப்புக் கடலில் உயர்ந்து நிற்கும் கப்பல், நன்னீர் ஆற்றில் நுழைந்ததும் சற்றுத் தாழும். குளிர்காலப் புயல்கடலில் நீர்மட்டத்துக்கு மேல் கூடுதல் உயரம் வேண்டும் என்பதால் அங்கே சுமையைக் குறைக்க வேண்டும்.

கட்டியிலிருந்து பெட்டிக்கு

முன்பு புகையூட்டிய தாள் ரப்பரை 100 கிலோவுக்கும் மேற்பட்ட பெருங்கட்டுகளாக அழுத்திக் கட்டி, ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மாவு பூசி அனுப்புவர். துறைமுகத் தொழிலாளர் அவற்றைக் கிடங்கிலிருந்து உருட்டியும் கயிற்று வலையில் தூக்கியும் கப்பலின் அடியறையில் அடுக்குவர். அவ்வறைக்கு 'ஹோல்ட்' என்று பெயர். ஏற்றி இறக்கும் பணியை மேற்கொள்வோர் 'ஸ்டீவடோர்' எனப்படுவர். 1965ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். என்னும் தர முறை வந்தபின், 33⅓ கிலோ கட்டிகள் வழக்கத்துக்கு வந்தன. 30 கட்டிகள் சேர்ந்தால் ஒரு டன்.

இதனினும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது 'கொள்கலன்' எனப்படும் இரும்புப் பெட்டி. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். பெட்டியைத் திறக்காமல் லாரியிலிருந்து அப்படியே எடுத்துக் கப்பலில் வைக்கலாம் என்பதே அவர் கண்ட வழி. சிங்கப்பூரில் 1972ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், 'நிஹோன்' என்ற கப்பல் ஏறத்தாழ 300 கொள்கலன்களுடன் தஞ்சோங் பகாரில் அணைந்தது. அங்குக் கொள்கலன் முனையத்துக்கு வந்த முதற்கப்பல் அதுவே.

20 அடி நீளமுள்ள ஒரு கொள்கலனே 'டி.இ.யு.' என்னும் அளவு. 40 அடிப் பெட்டி இரண்டாகக் கணக்கிடப்படும். சிங்கப்பூர் 2024ஆம் ஆண்டில் 4 கோடியே 11 லட்சத்துக்கும் மேற்பட்ட டி.இ.யு.வைக் கையாண்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில், ஓட்டுநர் இல்லாத வண்டிகள் இப்பெட்டிகளைச் சுமந்து செல்கின்றன.

தோ பாயோவிலிருந்து பார்த்தால் கடல் அருகில் இல்லை. ஆயினும் அந்நகரின் வாழ்வு கடல் வழியே வந்ததாகும். 1973ஆம் ஆண்டில் தொழிற்சங்கக் காங்கிரஸ் தன் முதல் கூட்டுறவுப் பேரங்காடியைத் தோ பாயோவில்தான் திறந்தது. விலைவாசி ஏறிய அக்காலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு நியாய விலையில் அரிசியும் எண்ணெயும் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். உணவுப் பொருள்களுள் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் தீவில், கப்பல் தாமதமானால் அங்காடியின் விலை ஏறும். 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய சிங்கப்பூரின் முதல் பெருவிரைவு ரயில் வண்டிகளும் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவையே.

ரப்பர் விலையின் பின்னே உள்ள மூன்று எழுத்துகள்

இனி நம் வருமானத்தைத் தொடும் சொற்களைக் காண்போம். மலேசிய ரப்பர் வாரியம் வெளியிடும் எஸ்.எம்.ஆர். விலைப்பட்டியலில் 'எஃப்.ஓ.பி.' என்னும் எழுத்துகள் காணப்படும். சரக்கு கப்பலில் ஏறும் வரை ஆகும் செலவு முழுவதும் விற்பவரைச் சேரும் என்பது இதன் பொருள். ஆலைச் செலவு, லாரிக் கூலி, கிடங்கு வாடகை, துறைமுகக் கட்டணம், ஏற்றுகூலி ஆகிய அனைத்தும் அவ்விலைக்குள் அடக்கம். எனவே பட்டியலில் காணும் விலை, தோட்டத்து வாயிலில் கிடைக்கும் விலை அன்று. சிறுதோட்டக்காரர் வியாபாரியிடம் ரப்பர் விற்கும்பொழுது இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். எந்தெந்தச் செலவு கழிக்கப்பட்டது, ஈரப்பதத்துக்கு எவ்வளவு தள்ளப்பட்டது என்று கேட்டறிவது அவருடைய உரிமையாகும்.

'சி.ஐ.எஃப்.' என்பது மற்றொரு முறை. இதில் பொருளின் விலையோடு, சேருமிடம் வரையிலான கப்பல் கட்டணமும் காப்புறுதியும் அடங்கும். அவற்றை விற்பவரே செலுத்துவார். சரக்கு போய்ச் சேரும்வரை இழப்புக்கும் அவரே பொறுப்பு என்று பலர் எண்ணுவர். அது தவறு. இரு முறைகளிலும், ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதும் இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. ஏறுமுன் கட்டி ஒன்று கரையில் நனைந்து கெட்டால் நட்டம் விற்பவருக்கு. நடுக்கடலில் கெட்டால் வாங்குபவருக்கு. சி.ஐ.எஃப். முறையில் விற்பவர் எடுத்துத் தந்த காப்புறுதியைக் கொண்டு வாங்குபவர் ஈடு கோரலாம். முற்காலத்தில் சரக்கு கப்பலின் விளிம்பைத் தாண்டும் கணமே எல்லையாக இருந்தது. 2010ஆம் ஆண்டு விதித்திருத்தத்தில் அது கப்பலின் மேல் வைக்கப்படும் கணமாகத் தெளிவாக்கப்பட்டது.

சரக்கு ஏறியதும் கப்பல் நிறுவனம் தருவது 'பில் ஆஃப் லேடிங்' எனப்படும் சரக்கேற்றச் சீட்டு. இச்சீட்டு மூன்று வேலைகளைச் செய்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது அது. ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்துக்குச் சான்று அது. சரக்கின் உரிமைப் பத்திரமும் அதுவே. சரக்கு கடலில் இருக்கும்பொழுதே இச்சீட்டைக் கைமாற்றி ரப்பரை விற்றுவிடலாம். குறித்த நாளுக்குள் ஏற்றி இறக்காமல் கப்பலைக் காக்க வைத்தால் செலுத்த வேண்டிய தண்டமே 'டெமரேஜ்' என்னும் தாமதக் கட்டணம்.

'பொதுச் சேதப் பங்கீடு' என்பது பழமையான ஒரு கடல் வழக்கு. ஆபத்தில் சிக்கிய கப்பலைக் காக்க ஒருவருடைய சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த நட்டத்தைக் கப்பல் உரிமையாளரும் எல்லாச் சரக்குக்காரர்களும் பங்கிட்டுச் சுமக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் 'எவர் கிவன்' என்னும் 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, 29ஆம் நாள் மீட்கப்பட்டது. அதற்கான செலவு இம்முறையில் பங்கிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. எனவே தம் பெட்டிக்கு ஒரு கீறலும் விழாதவர்களும் அச்சுமையில் பங்கேற்க வேண்டியதாயிற்று.

மனிதரைக் குறிக்கும் சொற்கள்

சரக்குக்கு மட்டுமன்றி மனிதருக்கும் கப்பலில் சொற்கள் உண்டு. நம் முன்னோர் பலருக்கு 'டெக்' என்ற சொல் நன்கு தெரியும். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைகளுக்கும் பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கும் இடையே பல்லாண்டுகள் ஓடியது. அதில் டெக் சீட்டு வாங்கியவருக்குத் தனியறை இல்லை. தளத்தில் பாய் விரித்துப் படுப்பதே வழி. ரஜூலாவின் சேவை 1970களில் முடிந்தது. அதன்பின் அவ்வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பலின் பயணம் 1985ஆம் ஆண்டுத் தீ விபத்தோடு முடிவுற்றது. சீட்டில் எழுதப்பட்ட ஒரே சொல், பயணம் முழுவதும் அம்மனிதரின் நிலையை முடிவு செய்தது.

இன்று கப்பல் வேலைக்குச் செல்லும் இளைஞருக்கும் அவ்வாறே. வேலையில் சேர்ந்து கையொப்பமிடுவது 'சைன் ஆன்'; பணி முடிந்து இறங்குவது 'சைன் ஆஃப்'. கப்பல் எந்த நாட்டில் பதிவு பெற்றதோ அந்நாட்டின் கொடியை அது ஏற்றும். அந்நாட்டின் சட்டமே அதில் செல்லும். உரிமையாளர் ஒரு நாட்டிலும், கொடி வேறொரு நாட்டிலும், மாலுமி மூன்றாம் நாட்டிலும் இருப்பது இத்தொழிலில் வழக்கம். ஆகவே ஒப்பந்தத்தில் கொடி எது என்று பார்ப்பது மிக முதன்மையானது.

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 'கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006' என்பது 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு 20ஆம் நாள் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் இணைந்துள்ளன. ஓய்வு நேரத்தைக் கொண்டு கணக்கிடும் நாடுகளில், மாலுமிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்று அது கூறுகிறது. கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் மூலப்படி ஒன்று மாலுமியின் கையில் இருக்க வேண்டும். 'ரீபேட்ரியேஷன்', அதாவது பணி முடிந்தபின் ஊர் திரும்பும் செலவு, கப்பல் உரிமையாளருடையது. வேலை வாங்கித் தருவதற்கென்று மாலுமியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவை மட்டுமே அவர் ஏற்கலாம். எனவே, "பணம் கட்டுங்கள், கப்பலில் ஏற்றி விடுகிறோம்" என்று சொல்லி வருபவரிடம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

'அபாண்டன்மென்ட்' என்பது கைவிடுதல். சம்பளமோ உணவோ ஊர் திரும்பும் வழியோ தராமல் உரிமையாளர் கப்பலையும் மாலுமிகளையும் துறந்துவிடுவதை அது குறிக்கும். 2017ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, இத்தகைய நிலையில் உதவுவதற்கான நிதிக் காப்பைக் கப்பல் உரிமையாளர் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். அக்காப்பு நான்கு மாதம் வரையிலான நிலுவைச் சம்பளத்தையும் ஊர் திரும்பும் செலவையும் தாங்கும். அதற்கான சான்றிதழ், மாலுமிகள் காணும் இடத்தில் கப்பலில் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் படித்தறிந்தவர் உதவி கேட்கும் இடத்தை அறிவார்.

வாசக அன்பர்களே, இங்கே கூறியவை கப்பல் துறையின் சொற்களுள் ஒரு சிலவே. பிள்ளைகள் வேலைக்குச் செல்லும்பொழுது, கையொப்பமிடுவதற்கு முன் ஒப்பந்தத்தை வீட்டில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விளங்காத சொல் வந்தால் அவ்விடத்திலேயே நிறுத்தி, அதன் பொருளைத் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடமோ தொழிற்சங்கத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொருள் தெரிந்த பின்னரே பேனாவை எடுக்க வேண்டும்.